பத்துக்கு ரெண்டு

நீங்கள் உட்காருங்கள், அம்மிணி. எனக்காக எழுந்திருக்க வேண்டாம். மாவுக் கடை வைத்திருக்கிறவளுக்கு நின்றுதான் பழக்கம். நாள் முழுக்கக் கிரைண்டர் முன்னால் நிற்கிறவளுக்கு உட்கார நேரம் ஏது? அதுவும் இந்த ஆஸ்பத்திரி பெஞ்சு ஒரு பெஞ்சா? இரும்புத் தகட்டில் ஓட்டை ஓட்டையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவை நன்றாகச் சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள்.

என்னையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறீர்களே, உங்கள் சந்தேகம் சரிதான். அந்தப் போஸ்டரில் இருப்பது நான்தான். துளசிமணி. பச்சைச் சேலை கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. ‘வெட்கம் வேண்டாம், வெளியே சொல்லுங்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். எதை வெளியே சொல்ல வேண்டும் என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா? தேடிப் பாருங்கள், இருக்காது. நோயின் பேரைப் போட்டால் அசிங்கமாம். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் இதைப் பார்த்துவிட்டு வந்து, “ஏ துளசி, பல்பொடிக்காரன் உன்னைய எப்பப் புடிச்சுப் போட்டோ எடுத்தான்?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு விளக்கிச் சொல்ல யாரால் ஆகும்?

உங்கள் அம்மாவுக்கும் அதே ஆபரேஷன்தான் எழுதியிருக்கிறார்கள், இல்லையா? கர்ப்பப்பை இறக்கத்துக்கு உள்ளே வலை வைத்துத் தூக்கிக் கட்டுவது. எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டீர்கள். நன்றாக இருக்கும். நான் சொன்னால் சொன்னதுதான். நன்றாக இல்லாமலா சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்?

உள்ளே பெரிய டாக்டரம்மா அறையில் இருப்பது என் தங்கச்சி யசோதா. அவளுக்கும் அதே வலைதான். அவள் கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். வீட்டில் மாவு பொங்கி வழிந்திருக்கும். இந்த வெயிலுக்குக் கொஞ்சம் விட்டால் தரையெல்லாம் மாவு. அவர் எடுத்து வைப்பார் என்றா நினைக்கிறீர்கள்? தாண்டிப் போவார்.

எனக்கு இந்தத் தொந்தரவு சின்னவள் பிறந்ததிலிருந்தே. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் அடியில் ஏதோ சறுக்கி இறங்கும். மாவு டிரம்மைத் தூக்கினால் இன்னும் மோசம். துணியை மடித்து வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன். யாரிடம் சொல்ல? மாமியாரிடம் ஒரு தடவை சொன்னேன். “அது எல்லாத்துக்கும் இருக்கறதுதான், போய் வேலையப் பாரு” என்றார். எல்லோருக்கும் இருக்கிறது என்றால் அது நோயில்லை போலிருக்கிறது என்று நானும் வேலையைப் பார்த்தேன்.

அப்புறம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு முகாம் போட்டார்கள். ‘பெண்கள் நல விழிப்புணர்வு முகாம்.’ முன்வரிசை முழுக்க ஆம்பளைகள். சங்கத் தலைவர், செயலாளர், ஜவுளிக்கடைக்காரர், மண்டபத்துக்காரர். பெண்கள் நலத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு பேச்சு. பெண் என்பவள் பூமாதேவி, எதையும் தாங்குவாள் என்றார் சங்கத் தலைவர். அவர் மனைவி பின்னால் தக்காளி சாத அண்டாவை ஒற்றை ஆளாகத் தாங்கிக்கொண்டு போனாள். அதற்கு அப்புறம் டாக்டர் ஒருத்தர் எழுந்து, பெண்கள் கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அண்டாவைக் கீழே வைத்துவிட்டு அவளும் தட்டினாள்.

அந்த டாக்டர் ஒரு சுருக்குப் பையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். கர்ப்பப்பை இப்படி இருக்கும், தாங்குகிற சதை தளர்ந்தால் இப்படி இறங்கும் என்று பையைக் குலுக்கினார். “இந்த மாதிரித் தொந்தரவு இருக்கறவங்க கையைத் தூக்குங்க” என்றார். மண்டபத்தில் ஒரு கை எழவில்லை. என் கை கொஞ்சம் எழுந்துவிட்டது. சட்டென்று தலைமுடியைச் சரி செய்கிற மாதிரி செய்து இறக்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவளும் முடியைச் சரி செய்துகொண்டிருந்தாள். ஆம்பளைகள் போட்டோ எடுக்க வெளியே போனதும் பாருங்கள், டாக்டர் மேஜைக்கு முன்னால் வரிசை. முடியைச் சரி செய்தவள் எனக்கு முன்னால் நின்றாள்.

அப்படித்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இங்கே வந்தால் ஆராய்ச்சி நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்றார்கள். விருப்பம் இருந்தால் போதுமாம், கட்டாயம் இல்லையாம். பழைய மாதிரி தையல் போட்டுச் சரி செய்வது ஒன்று. உள்ளே கொசுவலை மாதிரி சின்னதாக ஒரு வலை வைத்துக் கட்டுவது இன்னொன்று. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் சொல்லும்.

“கம்ப்யூட்டருக்கு என்ற ஒடம்பப் பத்தி என்னங்க தெரியும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் தெரியாதும்மா. அதனாலதான் அதைக் கேக்கறோம். அதுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கெடையாது” என்றாள் டாக்டர் பொண்ணு.

மிருதுளா என்று பேர். மேற்படிப்புப் படிக்கிற டாக்டர், இந்த ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்குப் பட்டம். நன்றாகப் படித்தவள், நல்ல பதில்தான் சொன்னாள். எனக்கு வலை வந்தது. பக்கத்துப் படுக்கைக்குத் தையல் வந்தது. எனக்குப் புதுசு, அவளுக்குப் பழசு. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆபரேஷன் நன்றாகத்தான் செய்தார்கள். இறக்கம் நின்றது. துணி மடிக்கிற வேலை இல்லை. நடக்கலாம், நிற்கலாம், படுக்கலாம். உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் என்னவோ போல் இருக்கும். அதற்கு என்ன? உட்காராமல் இருந்தால் சரியாய்ப் போயிற்று. சாப்பாட்டை நின்றுகொண்டே முடித்துவிடுவேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டேன், பரிமாறுகிறேன் என்று வாளியை வாங்கிக்கொள்வேன். இந்த வயதிலும் என்ன சுறுசுறுப்பு என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். முன்னால் யாராவது என்னை மெச்சினார்களா?

ஆபரேஷனுக்கு அப்புறம் அவ்வப்போது வரச் சொன்னார்கள். வந்தால் மிருதுளா ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்பாள். வலிக்கு மார்க் போட வேண்டும். வலியே இல்லை என்றால் பூஜ்யம். தாங்க முடியாத வலி என்றால் பத்து. நான் எட்டாவதோடு நின்றவள், அம்மிணி. நாங்கள் படிக்கிற காலத்தில் பூஜ்யம் வாங்கினால் வெளியே முட்டி போட வேண்டும். இங்கே பூஜ்யம் வாங்கினால் முதல் ரேங்க். காலம் எப்படி மாறிவிட்டது பாருங்கள்.

முதல் தடவை எனக்கு ஏழு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டரம்மா உள்ளே வந்தார். எங்கள் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். “இன்னுமா முடிக்கல? இப்படிப் போனா அடுத்த வருஷமும் நீ இங்கதான் குப்பை கொட்டணும்.” பாவம், அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சாப்பிடாத முகம். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பாள், அவள் குடிக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் நிமிர்ந்து பார்த்து, “சொல்லுங்கம்மா, எத்தனை?” என்று கேட்டால் நீங்கள் ஏழு என்பீர்களா? மனசு வருமா?

“ரெண்டு” என்றேன்.

ஏன் ரெண்டு என்று கேளுங்கள். பூஜ்யம் என்றால் நம்ப மாட்டார்கள். சம்பந்தி வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வோம்? உப்பு ஒரு துளி கம்மி, மற்றபடி அமிர்தம் என்போம். அந்த ஒரு துளி உப்புதான் ரெண்டு. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ரொம்ப சந்தோஷம்மா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பெற்றவள்கூட அப்படிப் பிடித்ததில்லை.

அப்புறம் கேன்டீனில் மற்றவர்கள் கேட்பார்கள். “ஏனக்கா, நீங்க எத்தனை சொன்னீங்க?” நான் சொல்லிக் கொடுத்தேன். ரெண்டு சொல்லுங்கள், தப்பே வராது. வேண்டுமென்றால் யாராவது ஒருத்தர் மூன்று சொல்லுங்கள், ஒரே மாதிரி இருந்தால் நன்றாக இருக்காது. நமக்காக எத்தனை கஷ்டப்படுகிறாள் அந்தப் பொண்ணு, நம்மால் அவளுக்கு ஒரு கெடுதல் வரலாமா? எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள். தையல் போட்டவர்களும் ரெண்டுதான், வலை வைத்தவர்களும் ரெண்டுதான். சண்டை சச்சரவே இல்லை.

ஒருத்தி மட்டும் அடங்கவில்லை. அந்தியூர்ப் பக்கம், பாவாயி என்று பேர். என்னைப் போல வலை வைத்தவள். நேராகப் போய், “எட்டு. எழுதிக்க. உக்காந்தா உசுரு போவுது” என்றாள். மிருதுளா முகம் சுண்டிப்போய்விட்டது. கேன்டீனில் அவளைப் பிடித்துக்கொண்டோம்.

“உம்பட வாயில நல்ல வார்த்தையே வராதா? அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது” என்றேன்.

“வலி எனக்கா, அவ கல்யாணத்துக்கா?” என்றாள்.

எப்படிப்பட்ட வாய் பாருங்கள். அதற்கப்புறம் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. உட்காரவில்லை என்றால், நிற்கவில்லை. நாங்கள் எல்லோரும் கேன்டீனில் நின்றுகொண்டுதான் டீ குடிப்போம். அடுத்த தடவை அவள் வரவே இல்லை. பாதியில் நின்றுபோனவர்கள் கணக்கில் வர மாட்டார்களாம், மிருதுளா சொன்னாள். தொல்லை விட்டது என்று நினைத்தேன். கோயமுத்தூரில் எங்கேயோ போய் வலையை எடுத்துவிட்டாளாம். இப்போது மொபெட்டில் உட்கார்ந்து சந்தைக்குப் போகிறாளாம். உட்கார்ந்துகொண்டு! என்ன திமிர்.

ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தது. மிருதுளா டெல்லியில் போய் மேடையில் வாசித்தாள், மெடல் வாங்கினாள். எங்களுக்கு மைசூர்பாகு கொண்டுவந்தாள். வலி ரெண்டிலும் ஒன்றுதான், வலை வைத்தால் மறுபடி இறங்குவது கம்மி என்று அந்தப் பழைய தையலை இந்த ஆஸ்பத்திரியில் அதோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது வருகிறவர்கள் எல்லோருக்கும் வலைதான். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டுப் போஸ்டருக்குப் போட்டோ எடுத்தார்கள். உட்காரும்மா என்றார்கள், உட்கார்ந்தேன். போட்டோக்காரன் வெளிச்சம் சரியில்லை என்கிறான், குடையைத் திருப்புகிறான், சிரி சிரி என்கிறான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர், இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று அதையே போட்டுவிட்டார்கள். கிட்டே போய்ப் பாருங்கள், இடது கண்ணில் தெரியும்.

யசோதா அந்தப் போஸ்டரைப் பார்த்துத்தான் வந்தாள். அவளுக்கும் இதே இறக்கம் இருந்திருக்கிறது. கூடப் பிறந்த எனக்கே தெரியாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கிறவள். அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ரெண்டு பெண்களும் அந்த மிஷினில்தான் வளர்கிறார்கள். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து கேட்டாள்.

“அக்கா, போஸ்டர்ல இருக்கறது இருக்கட்டும். எங்கிட்ட நெஜத்தச் சொல்லு. வலிக்குதா?”

நான் மாவு அள்ளிக்கொண்டிருந்தேன். நின்றபடியே சொன்னேன், “ரெண்டு.” ஆஸ்பத்திரிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று பேசுகிறவள் இல்லை நான். அவளும் வலை வைத்துக்கொண்டாள்.

இப்போது அவளால் உட்கார முடியவில்லை. மிஷினில் தலையணை போட்டுப் பார்த்தாள். ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து பார்த்தாள். சூப்பர்வைசர் வந்து, “முடியலைன்னா வூட்டுல இருங்கக்கா” என்று சொல்லிவிட்டான். வேறு ஆள் வருவதற்குள் சரியாகி வந்தால்தான் மிஷின் அவளுக்கு. வலையை எடுத்துவிடுங்கள் என்று இங்கே வந்து கேட்டாள். பெரிய டாக்டரம்மா என்ன சொன்னார் தெரியுமா? “நாங்க ஆராய்ச்சியே பண்ணியிருக்கோம்மா. வலை வெச்ச யாருமே இப்படிச் சொன்னதில்ல. உங்களுக்கு மனசுல ஏதோ கவலை” என்றார். மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். என் தங்கச்சிக்குப் பைத்தியம் என்று சொல்கிறார்கள், அம்மிணி!

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். என்ன ஆராய்ச்சி செய்தார்கள்? யாரைக் கேட்டுச் செய்தார்கள்? இத்தனை பொம்பளைகளை வரிசையில் உட்கார வைத்துக் கேட்டார்களே, ஒருத்திகூடவா உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாள்? படித்தவர்களின் லட்சணம் இவ்வளவுதான். நான் பெரிய டாக்டரம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். நேராக என்றால், கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்த பிறகு கேட்டேன். ஆனால் சத்தமாகத்தான் கேட்டேன்.

இன்றைக்கு மறுபடியும் கெஞ்சிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறாள். எனக்கும் இன்றைக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வருஷம் ஆனால் கடைசியாக ஒரு தடவை கேட்பார்களாம். காலையில் வந்த பஸ்ஸில் சீட்டெல்லாம் காலி. யசோதா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன்.

“நீ எதுக்கு அக்கா நிக்கறே?”

“உனக்குத் துணைக்கு.”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஊர் வந்து சேருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, “அக்கா, இன்னைக்கு அவங்க கேட்டா நீ சொல்லு. நீ சொன்னாத்தான் என்ற பேச்ச நம்புவாங்க” என்றாள். என்ன சொல்வது? எல்லாம் ஏற்கெனவே சொல்லித்தான் வைத்திருக்கிறேன். நேற்று ரெண்டு, இன்றைக்கு ஏழு என்றால் அந்த மிருதுளாவின் மெடலைத் திருப்பிக் கேட்க மாட்டார்களா? கைக்குழந்தைக்காரி அவள். அதோடு இத்தனை நாள் போஸ்டரில் இருந்தவள் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இருங்கள், என்னைக் கூப்பிடுகிறார்கள். அதோ அந்தப் புது டாக்டர் தம்பிதான். நாலடிதான், இங்கேயே நின்று பேசிவிட்டு வருகிறேன். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்துவிட்டேன். பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? என் கூடப் பிறந்தவள் செய்த வேலையைப் பார்த்தீர்களா?

அந்தத் தம்பி கேட்டு முடிப்பதற்குள் நான் ரெண்டு என்று சொல்லிவிட்டேன். வேலை முடிந்தது. அந்த நேரம் பார்த்து இவள் உள்ளேயிருந்து வெளியே வருகிறாள். கையில் மறுபடியும் அதே மனநலச் சீட்டு. செக்யூரிட்டி உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை அவரை எழுப்பிவிட்டு இழுத்துக்கொண்டு வந்து என் பின்னால் போட்டாள்.

“உக்காரு அக்கா.”

“எதுக்குடி?”

“உக்காந்துட்டுச் சொல்லு.”

அத்தனை பேர் பார்க்கிறார்கள். சுவரில் நான் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறேன். இங்கே உட்கார மாட்டேன் என்று எப்படிச் சொல்ல முடியும்? உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அந்தத் தம்பி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். பூஜ்யம் என்றால் இதும்மா, ஐந்து என்றால் இதும்மா, பத்து என்றால் இதும்மா. போட்டோக்காரனே தேவலை. நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், நீங்களே பார்த்தீர்கள். யசோதாவின் கையைச் சும்மா பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவள் கையில் என் நகம் பதிந்திருக்கிறதாம். அதை அந்தத் தம்பியிடம் காட்டுகிறாள்! நான்தான் நகம் வெட்ட மறந்துவிட்டேன்.

“எந்திரிங்கம்மா, போதும், எந்திரிங்க” என்றான். எத்தனை என்று மறுபடியும் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன், ரெண்டு என்று. அவன் யசோதாவிடம் திரும்பி, “எப்ப இருந்து இப்படி இருக்காங்க?” என்கிறான். அவளிடம் என்ன கேள்வி? அவள் ஆராய்ச்சியிலேயே இல்லையே.

அதோ பாருங்கள், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான். இவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறான். ரெண்டு என்று போட இவ்வளவு நேரமா? ஒற்றை எழுத்து.

உங்கள் அம்மாவின் பேரைக் கூப்பிடுகிறார்கள், கேட்கவில்லையா? பெரிய டாக்டரம்மா அறை இந்தப் பக்கம், அம்மிணி. அங்கே எங்கே போகிறீர்கள்? அந்தத் தம்பியிடம் உங்களுக்கு என்ன வேலை? புதுசாக வந்தவன், அவனுக்கு என்ன தெரியும்? என்னைக் கேளுங்கள். சுவரிலேயே இருக்கிறேன். ரெண்டு.